சப்பாத்திக்கள்ளி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

சப்பாத்திக்கள்ளியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முதலாவது, சாலையோரப் பேச்சு. ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில், பழம் பழுக்கும் காலத்தில் ஆங்காங்கே குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிளாஸ்டிக் கூடையில் கருஞ்சிவப்புப் பழங்கள், பக்கத்தில் பழைய குளிர்பானப் பாட்டில்களில் அடைத்த சாறு. "ரத்தம் ஊறும், சர்க்கரை இறங்கும், பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை நிற்கும். சித்தர் காலத்துப் பழம் தம்பி, யாரும் நட்டதில்லை, நம் மண்ணில் தானாக முளைத்தது" என்றார் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா. பழம் வாங்கிக்கொண்டேன், சாறு வேண்டாம் என்றேன். பிள்ளை வரத்தைப் பாட்டிலில் அடைத்து விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழத்தின் ருசியில் உண்டு.

இரண்டாவது, இயற்கை ஆர்வலர்கள் கூடுமிடத்தில் நடக்கும் பேச்சு. எனக்கு நெருக்கமான ஒருவர் இதில் மிகத் தீவிரமானவர். "அது அமெரிக்கக் களை. சீமைக் கருவேலத்தை ஒழிக்க நீதிமன்றம் வரைக்கும் போனோமே, இதை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறோம்? வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்" என்பார். அவர் சொல்வதில் தாவரவியல் சரியாகத்தான் இருக்கிறது. கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன்னால் இந்தியாவில் எவரும் இந்தச் செடியைப் பார்த்திருக்க முடியாது. சித்தர்கள் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார்கள் என்ற வழக்கை வேறு யாராவது தீர்த்துக்கொள்ளட்டும்.

என்னை உறுத்தியது வேறு. இந்த இரு தரப்பும் செடி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி மட்டுமே சண்டை போடுகின்றன. செடியின் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் எழ வேண்டிய கேள்வியை இரண்டு பேருமே கேட்பதில்லை. மழையில்லாமல் வாழ்கிறது, மாடு தொடுவதில்லை, ஒடித்துப் போட்டால் ஒடித்த துண்டும் வேர்விடுகிறது, பறவை தின்று போடும் இடமெல்லாம் விதை. இப்படிப்பட்ட ஒன்று நூற்றாண்டுகளாக இங்கே இருந்தும், ஏன் வேலியோரத்தில் ஒரு புதர், கடற்கரை மணலில் இரண்டு புதர் என்று ஒதுங்கி நிற்கிறது? ராமநாதபுரம் மாவட்டம் முழுவதையும் அது எப்போதோ மூடியிருக்க வேண்டாமா? சீமைக் கருவேலம் செய்ததை இது ஏன் செய்யவில்லை?

செடி முழுவதும் தண்டு

முதலில் செடியைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பரவலாகக் காண்பது ஓபன்ஷியா டில்லெனி என்ற வகை. எலுமிச்சை மஞ்சளில் பூ, கருஞ்சிவப்பில் பழம், மஞ்சள் நிறத்தில் சற்றே வளைந்த தட்டையான முட்கள். மடல் என்று நாம் சொல்வது இலையில்லை, தட்டையாகிப்போன தண்டு. நிஜமான இலையைப் பார்க்க ஆசைப்பட்டால் மழைக்குப் பின் வரும் இளம் மடலைப் பார்க்க வேண்டும். அதன் ஒவ்வொரு கண்ணிலும் சில மில்லிமீட்டர் நீளத்தில் கூம்பு போல ஒரு பச்சை முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இலை. மடல் முற்றுவதற்குள் உதிர்ந்துவிடும். அதன்பின் சமையல் வேலை முழுக்கத் தண்டினுடையது.

அந்தக் கண்கள்தான் கள்ளிச்செடிக் குடும்பத்தின் அடையாளம். ஒவ்வொரு கண்ணும் ஒடுங்கிப்போன ஒரு கிளை. முள்ளும் அதிலிருந்துதான், பூவும் அதிலிருந்துதான், அடுத்த மடலும் அதிலிருந்துதான், மண்ணில் விழுந்தால் வேரும் பெரும்பாலும் அதன் பக்கத்திலிருந்துதான். நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் முள்ளோடு நின்றாலும் அவை ஆமணக்கின் உறவு. ஒடித்தால் பால் வடியும். குறுந்தொகையில் பொருள் தேடிப்போகும் தலைவன் கடக்கிற கள்ளிக்காடு அந்தப் பால்கள்ளிகளின் காடு. சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது, கொழகொழவென்று ஒரு சாறு வரும். வறட்சி ஒன்றே என்பதால் தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள் தனித்தனிக் கண்டங்களில் ஒரே உடம்பை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. உண்மையான கள்ளிச்செடிக் குடும்பத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ரிப்சாலிஸ் என்ற, மரத்தில் தொங்கி வாழும், வெள்ளைப் பழம் காய்க்கிற சாதுவான செடி. அது மட்டும் மனிதர் கொண்டுபோகாமலேயே ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது.

பெரிய முள்ளுக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியும், குத்தினால் பிடுங்கிவிடலாம். இந்தச் செடியின் உண்மையான ஆயுதம் சுணை. ஒவ்வொரு கண்ணிலும் முள்ளின் அடியில் கொத்துக்கொத்தாக மயிரிழை போல நிற்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வோர் இழையிலும் பின்னோக்கிச் சாய்ந்த கொக்கிகள். உள்ளே போவது எளிது, வெளியே வராது. லேசாகப் பட்டாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். பழம் தின்ற பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். குச்சியால் தட்டிப் பறித்து, மணலில் போட்டுச் செருப்புக்காலால் உருட்டி, பழைய துணியில் துடைத்து, பிளந்து, நடுவிலிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்தாயா என்று ஒருவரையொருவர் கேட்டுத்தான் வாயில் போடுவோம். அப்படியும் சாயங்காலம் உதட்டில் நறுக்கென்று ஒன்று இருக்கும். நாக்கு ஊதாவாகி இரண்டு நாளைக்கு வீட்டில் மறைக்க முடியாது. அந்த நிறம் பீட்ரூட்டின் நிறமேதான். காகிதப்பூவிலும் அதே வகை நிறமிகள்தான் இருக்கின்றன.

சுணையை விட எனக்கு வியப்பானது அது மூச்சுவிடும் முறை. மற்ற செடிகள் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. இழுக்கும்போது தண்ணீர் ஆவியாகி வெளியே போகிறது. கத்தரி வெயிலில் அந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது. சப்பாத்திக்கள்ளி பகல் முழுவதும் துளைகளை மூடி வைத்திருக்கிறது. இரவில் காற்று குளிர்ந்தபின் திறந்து, வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பொழுது விடிந்ததும் கதவடைத்துவிட்டு, சேமித்த அமிலத்தை உடைத்து, வெளிச்சத்தில் உணவு சமைக்கிறது. ஆகவே விடியற்காலையில் மடல் புளிக்கும், மாலையில் புளிப்பு இறங்கிவிடும். இந்த மாற்றத்தை வாயாலேயே கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன். அவர் மென்று பார்த்தது இந்தக் கள்ளியை இல்லை, ரணகள்ளியை. அதன் இலை காலையில் கடும் புளிப்பு, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று லண்டனுக்கு எழுதினார். 1815இல் அது அச்சானது. உள்ளே என்ன நடக்கிறது என்று வேதியியல் விளக்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரே இலையைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கடித்துப் பார்க்கத் தோன்றிய மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

வேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலைச் செடி என்றால் வேர் பாதாளம் வரை போகும் என்றுதான் நினைப்போம். இதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சாண் ஆழத்துக்குள்ளேயே படர்ந்து கிடக்கிறது. அடித்துப் பெய்துவிட்டுப் போகும் கோடை மழை நனைப்பது அந்த ஒரு சாணைத்தானே. மழை விழுந்ததும் புதிய மெல்லிய வேர்கள் விரைந்து கிளம்புகின்றன, மண் காய்ந்ததும் அவை உதிர்கின்றன. காயும் காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வேர் சுருங்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழுகிறது. வறண்ட மண் செடியிலிருக்கும் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் அந்த இடைவெளி தடுக்கிறது. வாங்கும் வாயையே திருப்பிக் கொடுக்காதபடி மூடிக்கொள்வது என்பது கடன்காரர்கள் பொறாமைப்படும் கலை.

பழமும் ஒரு வகையில் தண்டுதான். பூவின் சூலகம் தண்டுக்குள் புதைந்து, தண்டே பழமாகிறது. அதனால்தான் பழத்தின் தோலிலும் கண்கள், கண்களில் சுணை. ஓபன்ஷியா பழத்தை மண்ணில் புதைத்தால், விதை முளைப்பது ஒருபுறமிருக்க, பழமே வேர்விட்டு மடல் துளிர்க்கவும் கூடும். மடலோ, சொல்லவே வேண்டாம். காற்றிலோ மாடு முட்டியோ ஒடிந்து விழுந்தது, காயம் காய்ந்து தோல் கட்டியபின், மாதக்கணக்கில் வெறும் மண்மேல் கிடந்தாலும் சாவதில்லை. ஒரு மழை போதும். ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் புதிய செடி.

இவ்வளவையும் வரிசையாக நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கேள்வி இன்னும் பெரிதாகத்தான் ஆனது. இத்தனை தற்காப்பு உள்ள ஒன்றை வேலியோரத்தில் நிறுத்தி வைத்திருப்பது எது? நாம் வெட்டுவதாலா? வெட்டினால் பெருகும் செடி இது.

வேலியில் கண்ட வெள்ளை

விளாத்திகுளம் பக்கம் என் சித்தப்பாவின் புஞ்சையில், கரிசலும் மணலும் கலந்த ஒரு மேட்டில், தாத்தா காலத்துச் சப்பாத்திக்கள்ளி வேலி ஒன்று உண்டு. ஒரு பங்குனி மாதம் அங்கே போயிருந்தபோது வேலியின் ஒரு மூலை வித்தியாசமாக இருந்தது. மடல்கள் பச்சை வெளிறி மஞ்சளாகி, சில கருகி, ஓரிரண்டு காகிதம் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "மாவுப்பூச்சிப்பா. பருத்தியில் வருமே, அந்த மாதிரி. கள்ளிக்கும் வந்துவிட்டது பார்" என்றார் சித்தப்பா, மருந்தடிக்க வேண்டாத பயிர் என்ற நிம்மதியோடு.

ஒரு குச்சியால் திட்டைச் சுரண்டி விரலில் வைத்து நசுக்கினேன். விரல் ரத்தமாகிவிட்டது. சுணை குத்திக் கீறிவிட்டதோ என்று கையை உதறிப் பார்த்தேன், காயமில்லை. இன்னொன்றை நசுக்கினேன். மறுபடியும் அதே அடர்ந்த செந்நிறம், வெயிலில் காய்ந்து கருஞ்சிவப்பாக மாறும் நிறம். சித்தப்பா எட்டி நின்று பார்த்து, "அடப்பாவமே, கள்ளி ரத்தத்தையா குடிக்கிறது?" என்றார். கள்ளியில் ரத்தமில்லை. அந்தச் சிவப்பைப் பூச்சியே தன் உடம்பில் தயாரிக்கிறது. கார்மினிக் அமிலம் என்று பெயர். எறும்புகள் தன்னைத் தின்னாமலிருக்க அது வைத்திருக்கும் காவல். மனிதர்களுக்கோ அது பல நூற்றாண்டுகளாகப் பட்டிலும் கம்பளியிலும் ஏற்றும் சாயம். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் என்று கணக்குச் சொல்வார்கள்.

இது கொச்சினீல் பூச்சிக் குடும்பம். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. மடலில் ஓரிடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் ஆயுள் முழுவதும் அங்கேதான். மேலே மெழுகுப் பஞ்சைச் சுரந்து வெயிலையும் வறட்சியையும் தடுத்துக்கொள்கிறது. ஆண் நுண்ணியது, பறக்கும், சில நாளில் செத்துப்போகும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் மடலின் விளிம்புக்கு ஏறி, முதுகில் நீளும் மெழுகு இழைகளைக் காற்றில் பிடிக்கவிட்டு, அடுத்த புதருக்குப் போகின்றன. முள்ளும் சுணையும் மாட்டையும் மனிதனையும் மனத்தில் வைத்துச் செய்தவை. மில்லிமீட்டருக்கும் சிறிய ஒரு குஞ்சுக்கு இரண்டு முள்ளுக்கு நடுவிலிருப்பது பரந்த மைதானம். மேலே ஆயுதக்கிடங்கு, கீழே தண்ணீர்த் தொட்டி, நடுவில் காவலற்ற தோல்.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் கேள்வியைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பது புரிந்தது. செடியின் குணங்களை மட்டும் எத்தனை அடுக்கினாலும் அது எவ்வளவு இடத்தில் நிற்கும் என்பதற்கு விடை வராது. அந்த விடை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியிடம் இருந்தது.

சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

இந்தப் பூச்சி இங்கே வந்த கதை சென்னையோடு சம்பந்தப்பட்டது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம். கொச்சினீல் சாயம் ஸ்பெயினின் ஏகபோகம். மெக்சிகோவில் வஹாகா பகுதியில் விளைந்தது. உயிருள்ள பூச்சியை வெளியே விடாமல் காத்தார்கள். 1777இல் தியெரி தெ மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் வஹாகாவுக்குப் போய், பூச்சியோடு மடல்களைக் கடத்திக் கொண்டுவந்து கரீபியனில் சேர்த்தார். ஆங்கிலேயர்களுக்கும் அதே ஆசை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு இது ஒரு பித்தாகவே இருந்தது. சென்னைப் பக்கத்துப் புல்லில் சிவப்புக் கொடுக்கும் ஒரு பூச்சியைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று 1786இல் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அது வேறு பூச்சி. ஆனாலும் விடவில்லை. வரப்போகும் பூச்சிக்கு உணவு வேண்டுமென்று சைதாப்பேட்டையில், அன்று மர்மலாங் என்று அழைக்கப்பட்ட இடத்தில், கம்பெனியின் கள்ளித் தோட்டம் போடப்பட்டது. உலகத்தில் மற்றவர்கள் பிடுங்கி எறியும் செடியைச் சம்பளம் கொடுத்து வளர்த்த தோட்டம். ஆண்டர்சனுக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அழகான பளிங்குச் சிலை இருக்கிறது. கள்ளிக்கு எதுவும் இல்லை.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து ஒருவழியாகப் பூச்சியைக் கொண்டுவந்து வங்காளத்தில் சேர்த்தார். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. வந்தது வஹாகாவில் வளர்க்கப்பட்ட உயர்தரச் சாயப்பூச்சி இல்லை, அதன் காட்டு உறவு. சாயம் மட்டம். தொழில் தேறவில்லை. ஆனால் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அங்கே வேலிகளில் மண்டியிருந்த ஓபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளி, பூச்சி போன இடமெல்லாம் வாடிச் சாய்ந்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி களைக்கொல்லியாகிவிட்டது. இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இந்த முறை தெரிந்தே, கள்ளியைக் கொல்வதற்காகவே. 1860களில் அது இலங்கைக்குப் போனது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் களையை அழிப்பதற்கென்றே உயிரினத்தை அனுப்பியது உலகில் அதுதான் முதல் முறை என்று துறை வரலாற்றில் எழுதுகிறார்கள்.

பூச்சிக்குத் தெரிந்த தாவரவியல்

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அந்த முதல் பூச்சி மோனகாந்தாவைத் தின்று தீர்த்தது. பக்கத்திலேயே நின்ற டில்லெனியை, அதாவது இன்று நாம் பழம் பறிக்கும் இந்தக் கள்ளியை, தொடவில்லை. ஓபன்ஷியா இனங்களுக்குப் பெயர் வைப்பதில் தாவரவியலாளர்கள் இரண்டு நூற்றாண்டுகளாகத் தடுமாறியிருக்கிறார்கள். ஒரே செடிக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் மூன்று செடி. பூச்சிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு கொச்சினீல் இனமும் தனக்கான கள்ளி எது என்பதைக் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பெயர்ப்பலகை அதற்கு வேண்டியதில்லை.

மோனகாந்தா ஒழிந்தபின் டில்லெனியைத் தடுக்க எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து வறண்ட நிலங்களில் அது பெருந்தொல்லையாக வளர்ந்து நின்றது. மேய்ச்சல் நிலமும் பாதையும் அடைபட்டன. பாட்டன்மார்கள் கள்ளிக்காடு என்று சொன்னபோது நமக்கு மிகையாகத் தோன்றியிருக்கும், மிகையில்லை. பிறகு 1926இல் டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே என்ற இன்னொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. இலங்கைக்கு அது ஆஸ்திரேலியாவிலிருந்து போயிருந்தது, மூல ஊர் வட அமெரிக்கா. இது டில்லெனியைத் தின்னும் பூச்சி. சில ஆண்டுகளில் காடுகள் புதர்களாயின, புதர்கள் வேலியோரத்துக்கு ஒதுங்கின. நாம் இன்று பார்ப்பது அந்த ஒதுங்கிய மிச்சத்தை.

முழுவதும் ஏன் அழியவில்லை என்பதற்கும் பூச்சியின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. ஒரு புதர் செத்தால் அதன் மேலிருந்த பூச்சிகளுக்கும் உணவு போய்விடும். பறவை எச்சத்தில் விழுந்த விதை எங்கோ தனியாக முளைத்து, காற்றில் மிதக்கும் குஞ்சு அங்கே வந்து சேரும்வரை நிம்மதியாக வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை பூச்சிகளைக் கழுவித் தள்ளிவிடும், செடி தலைதூக்கும். கோடை நீளும்போது பூச்சி தலைதூக்கும். சித்தப்பாவின் வேலியில் ஒரு மூலை வெளிறியும் மறு மூலை கொழுத்தும் இருந்தது இதனால்தான். சீமைக் கருவேலத்துக்கு இப்படி ஆளைத் தேடி வரும் ஒரு பூச்சி இங்கே வாய்க்கவில்லை. நண்பர் இரண்டையும் ஒரே கூட்டில் போட்டுப் பேசும்போது எனக்கு ஒவ்வாதது இந்த இடத்தில்தான்.

எதிரியில்லாத ஊரில் இந்தக் குடும்பம் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே போன ஓபன்ஷியா 1925இல் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தைப் பிடித்திருந்தது. தமிழ்நாட்டின் பரப்பளவு 1.3 கோடி ஹெக்டேர் என்று நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் புழு மடலுக்குள் புகுந்து குடைந்து அழுக வைக்கும். பத்தாண்டுக்குள் பெரும்பாலான நிலம் விடுபட்டது. நன்றிக்கடனாகக் குயின்ஸ்லாந்தில் பூனார்கா என்ற ஊரில் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரில் நினைவு மண்டபமே கட்டினார்கள். ஆனால் அதே அந்துப்பூச்சி 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டபோது அங்கே யாரும் மண்டபம் கட்டவில்லை. கள்ளி அந்தப் பக்கத்துச் சொந்தச் செடி. மெக்சிகோவுக்கோ அது காய்கறி, பழம், தேசியக் கொடியில் கழுகு நிற்கும் பீடம்.

மடகாஸ்கரின் கதை இன்னும் கசப்பானது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே போன ஓபன்ஷியா, வறண்ட தெற்குப் பகுதியின் மாடு மேய்ப்பவர்களுக்கு எல்லாமாக ஆகியிருந்தது. பஞ்சத்தில் சுட்டு முள்நீக்கி மாட்டுக்குத் தீனி, மனிதருக்குப் பழம், ஊரைச் சுற்றிப் படையே நுழைய முடியாத அரண். 1920களில் பிரெஞ்சு ஆட்சியில் கொச்சினீல் பூச்சி அங்கே விடப்பட்டது. சில ஆண்டுகளில் தெற்கு முழுவதும் கள்ளி செத்தது, பின்னாலேயே மாடுகள் செத்தன, மனிதர்களும் பட்டினியில் செத்தார்கள். அந்நியச் செடி என்ற வாதம் அங்கே முழுக்க உண்மை. அந்த உண்மை ஒரு மாட்டையும் காப்பாற்றவில்லை. மொராக்கோவில் 2014இல் தென்பட்ட பூச்சி, 1926இல் நமக்கு உதவியாக வந்த அதே டாக்டைலோபியஸ் ஒபன்ஷியேதான். அங்கே கள்ளிப்பழத் தோட்டங்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது சாபமாக வந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் பூச்சியை இன்னும் அதிகமாக விடலாமே" என்றார். அவரைத் திருத்த முடியாது. பழம் விற்கும் அக்காவிடம் சொல்லவில்லை. வேகாத வெயிலில் குச்சியும் துணியுமாகச் சுணையோடு மல்லுக்கட்டிப் பழம் சேர்ப்பவரிடம் போய்ப் பதினைந்தாம் நூற்றாண்டுக் கப்பல்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை வரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பழத்தைப் பழமாக விற்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். மடலில் வெள்ளைத் திட்டு விழுந்த புதரில் காய்ப்பு குறையும் என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

சித்தப்பாவிடம் மட்டும் விரிவாகப் பேசினேன். அவருக்கு அந்த வேலி இப்போது வேண்டாம். நிலத்தின் அந்தப் பக்கத்தில் கம்பி வேலி போட்டு முருங்கை வைக்கப் போகிறார். பொக்லைன்காரரிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். நான் பூச்சி பிடித்த மடல்களை வெட்டி, கொழுத்திருக்கும் பக்கத்துப் புதர்களில் சொருகி வைத்துப் பார்க்கலாம், 1926இல் அப்படித்தான் பரப்பினார்கள், ஒரு கோடைக்கு விட்டுப் பிடிக்கலாம், செலவே இல்லை என்றேன். "பூச்சி தின்று முடிக்கிறவரைக்கும் முருங்கை காத்துக்கொண்டிருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதிலில்லை. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. பிடுங்கும் மடல்களையெல்லாம் எங்கே கொட்டப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"வேறெங்கே, ஓடைக்கரையில்தான்" என்றார் சித்தப்பா.